நெற்றி ஸ்டிக்கருக்கு அடியில்

ஏசி ரிப்பேருக்குப் போகும் வீட்டிலெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: மெஷின் நல்லாத்தான் இருக்கும், சென்சார்தான் பொய் சொல்லும். பத்துக்கு எட்டு தடவை அது சரியாகவும் இருக்கும். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. பச்சைக்குழந்தைகளுக்கான ஐசியூவில் என் மகன் கிடந்தான். பிறந்து மூன்று நாள். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவன், அழவே இல்லை. வாயில் குழாய், கன்னம் இரண்டிலும் பிளாஸ்திரி, கையில் ஊசி, காலில் கிளிப். நெற்றியில் ஒரு ஸ்டிக்கர், அதிலிருந்து ஒரு ஒயர். கண்ணுக்குத் தெரியாத ஒளி அதன் வழியே மண்டைக்குள் போய்த் திரும்புகிறதாம். மூளை ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று அதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று நர்ஸ் ஜெரூஷா விளக்கினாள். அறுபதுக்குக் கீழே இறங்கினால் கவலை. அன்று காலை எழுபத்தொன்று. அந்த நம்பரையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு?

மேல் மாடி வார்டில் ஆபரேஷன் தையலோடு படுத்திருந்த என் மனைவி சத்யப்ரியா பிள்ளையை இன்னும் பார்க்கவே இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பட்ஸ் குச்சியை மையில் தொட்டு, டிஷ்யூவில் சுற்றி, என் சட்டைப் பையில் வைத்தாள்.

"அத்தினி பேரு வந்து வந்து பாக்கறாங்க. நெத்தியில ஒரு பொட்டு வச்சிட்டு வா. என்னால முடிஞ்சது அதான்."

எங்கள் அனகாபுத்தூரில் மைப்பொட்டு இல்லாமல் பச்சைப்பிள்ளையை யாரும் வாசல் தாண்ட விடமாட்டார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அவளிடம் கத்தவும் கத்தினேன். அவள் என் சட்டைப் பையைத் தொட்டு, டிஷ்யூ உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் எங்கே மறுப்பது?

பொட்டு கண்ணில் பட்டால் ஜெரூஷா துடைத்துவிடுவாள். முழங்கை வரை கை கழுவாத யாரையும் உள்ளே விடாதவள் அவள். அப்போதுதான் என் பாழாய்ப்போன மெக்கானிக் மூளை வேலை செய்தது. அவள் பக்கத்துக் குழந்தையிடம் திரும்பிய நேரம், ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கி, அடியில் பொட்டை வைத்து, பழையபடி அழுத்தி ஒட்டினேன். வெளியே வந்து சத்யாவுக்கு போன் போட்டு, வச்சாச்சு என்றேன். டீயும் குடித்தேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். நம்பர் ஐம்பத்திரண்டு. டாக்டர் ரேஷ்மா குழந்தையின் மேல் குனிந்தபடி மருந்தின் அளவைச் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்பது. அடுத்த நொடி எனக்கு அப்படியொரு நிம்மதி. சென்சார்! சென்சார்தான் பொய் சொல்கிறது, அதைக் கெடுத்தவனே நான்தான். தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன்.

"டாக்டர், கொயந்தைக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் ஸ்டிக்கர் அடியில மை வச்சிட்டேன். அத்த தொடச்சா சரியா பூடும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கறுப்பு அந்த ஒளியை விழுங்கிவிடும், நம்பர் தப்பாக வரலாம் என்று அவரே சொன்னபோது எனக்கு அவர் காலில் விழத் தோன்றியது. ஆனாலும் மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஜெரூஷா ஸ்டிக்கரை உரித்து, பஞ்சை நனைத்து நெற்றியைத் துடைத்தாள். பஞ்சு கறுப்பானது. இன்னொரு பஞ்சு எடுத்தாள். புது ஸ்டிக்கர் ஒட்டினாள். திரையில் நம்பர் வரும் இடத்தில் கொஞ்ச நேரம் வெறும் கோடுதான் இருந்தது.

நாற்பத்தாறு.

நாற்பத்தைந்து.

டாக்டர் என்னைப் பார்க்காமல் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு வாட்டி தொடைங்க சிஸ்டர்," என்றேன். "மை இன்னும் கீது."

முடியாது என்று ஜெரூஷா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஸ்டிக்கரை மறுபடி தூக்கி, எனக்காகத் துடைத்து, பஞ்சை என்னிடம் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். கால் தானாக மாடிப்படி ஏறியது. சத்யா தையலைக் கையால் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்திருந்தாள். கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"பொட்டு அயியாம கீதா?" என்று கேட்டாள்.

கீது என்றேன்.