கன்னியப்பனின் வெள்ளை வேட்டி

மனிதன் விடும் புகையாலும் பூமி சூடாகலாம் என்று ரேடியோவில் யாரோ பேசினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை செய்யும் என் கணவர் கன்னியப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கத்திரி வெயிலுக்கு விசிறிக்கொண்டே சொன்னார்.

“வானம் எம்மாம் பெருசு! நாங்க உட்ற பொகை அத்த இன்னா பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாதாய்யா?”

“ஒண்ணியும் பண்ணாது அங்கம்மா. வெயிலு சாமி குடுக்கிறது. இவனுங்க உட்றதெல்லாம் கப்சா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரி படியும் என்று எங்கள் கள்ளிக்குப்பத்தில் வேலை நாளில் யாரும் வெள்ளைத்துணியை வெளியே காயப்போடுவதில்லை. வடகம் வைப்பதுகூட, கம்பெனிப் புகைபோக்கி ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான். மறுநாள் திங்கட்கிழமை. தன் தம்பி கல்யாணத்துக்கென்று அவர் எடுத்துவைத்திருந்த வெள்ளை வேட்டியைத் துவைத்து வாசலில் கொடியில் போட்டேன்.

சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். வேட்டி முழுக்கக் கரிப்புள்ளி.

“அறிவு கீதா உனுக்கு? கம்பெனி பொகை வர்ற நாள்ல எவளாவது வேட்டிய வெளியில போடுவாளா?”

“வானந்தான் எம்மாம் பெருசாச்சேய்யா,” என்றேன்.