ஆசைப் பக்கம் ஒட்டிய டீ

"அப்ப நாங்க தோட்டத்துல வளர்க்கறது என்ன, பொம்மையாங்க டீச்சர்? எம் புள்ள காலைல டம்ளரைத் தள்ளி வச்சுட்டு, 'டீ தேவையில்லம்மா, வெறும் ஆசை'ங்குறா! அவங்கப்பா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே!"

கனகமணியின் குரல் தலைமையாசிரியர் அறையைத் தாண்டி, கட்டபெட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போனது. அங்கே நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டார்கள். அடுத்த பஸ் வரும். இந்த மாதிரிச் சண்டை வருமா?

கெஸியா டீச்சர் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையத்துக்காரி. ஏழாம் வகுப்பில் உலக வறுமை பாடம். தேவை ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம் என்று சுவரில் அட்டைகளைப் பிள்ளைகளையே ஒட்டச் சொன்னாள். சோறு, தண்ணீர், துணி, வீடு, மருந்து எல்லாம் தேவைப் பக்கம் போயின. டீயை மட்டும் அவளே எடுத்து ஆசைப் பக்கம் ஒட்டினாள். சுற்றிலும் தேயிலையைத் தவிர வேறொன்றும் முளைக்காத நீலகிரி மலையூரில், சமவெளிக்காரிக்குத்தான் இந்தத் துணிச்சல் வரும். மறுநாள் வகுப்பு மொத்தமும் வீட்டில் டீயை மறுத்துவிட்டது.

கனகமணி போனதும் தலைமையாசிரியர் ஞானசீலன் கெஞ்சினார். "ஜூன்ல உங்க வேலையை நிரந்தரம் பண்ணோணும். பெத்தவங்க சம்மதிக்காம நடக்காதுங்க. ஒரு அட்டைய இந்தப் பக்கம் நகத்தி ஒட்டுனா என்னங்க குறைஞ்சு போகுது?"

"நல்ல தண்ணிக்கே மைல் கணக்கா நடக்கற புள்ளைங்க உலகத்துல இருக்குதுங்க சார். அதுகளைப் பத்திப் பாடம் நடத்திட்டு, டீயத் தேவைன்னு எப்படிச் சொல்றது?"

"அந்தப் புள்ளைங்க நம்ம பெற்றோர் கூட்டத்துக்கு வராதுங்க டீச்சர்."

வேலை போனால் மேட்டுப்பாளையத்தில் அண்ணி முகத்தில் முழிக்க வேண்டும். ஆனாலும் கெஸியா அட்டையைத் தொடவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு டீ வேண்டாம், தண்ணீர் போதும் என்றும் சொல்லிவிட்டாள். கட்டபெட்டில் இழவு வீட்டில்கூட முதலில் டீதான் வரும்.

அன்றைக்குப் பார்த்து மூடுபனி. கூட்டத்து டீயை நம்பி வந்தவர்கள் தண்ணீர்க் குடத்தை வெறித்துப் பார்த்தார்கள். கனகமணி ஆவேசமாக எழுந்தாள். பாதியில் பேச்சு மறந்து, தன் பையை ஓரக்கண்ணால் பார்த்தபடி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கொட்டாவி வரிசையாகப் பரவியது. முதலில் தோற்றது யார் என்கிறீர்கள்? கெஸியாதான். மலைக்கு வந்த ஒரே வருஷத்தில், அவளும் நாளுக்கு ஆறு டம்ளர் டீக்குப் பழகியிருந்தாள். தலை வெடித்தது.

"அக்கா... உங்க பையில இருக்கறது ஃபிளாஸ்க்குங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கனகமணி மூடியில் ஊற்றிக் கொடுத்து, வெற்றிக் களிப்போடு கேட்டாள்: "இப்பச் சொல்லுங்க, தேவையா ஆசையா?"

கெஸியா ஒரு வாய் குடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. "ஆசைதாங்க அக்கா. ஆனா பேராசை."

ஞானசீலன் கண்ணை மூடிக்கொண்டார். அப்போது டீ ஃபேக்டரி சூப்பர்வைசர் செலஸ்டின், தன் அக்கா மகனை இந்தப் பள்ளியில் சேர்த்த பாவத்துக்கு வந்திருந்தவன், எழுந்தான். "டீச்சர் சொல்றதே நமக்கு நல்லதுங்க. தேவைன்னு ஆச்சுன்னா அரிசி மாதிரி ரேஷன் கடையில இனாமாப் போட்டுருவாங்க. பொறவு நம்ம பச்சை இலைக்கு என்ன வெலை கெடைக்கும்?"

கனகமணி யோசித்தாள். "ஏனுங்க, அந்த அட்டை அங்கியே இருக்கட்டும். யாரும் நகத்தப்படாது!"

ஜூனில் வேலை நிரந்தரமானது. செலஸ்டின் எதற்கு அவ்வளவு அக்கறையாகப் பேசினான் என்பது மே மாதம் கோத்தகிரி சர்ச்சில் அவனுக்கும் கெஸியாவுக்கும் கல்யாண ஓலை வாசித்தபோதே ஊருக்கு விளங்கிவிட்டது. கல்யாணம் முடிந்து இருவரும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். கனகமணி, மகள் ஷண்முகப்ரியாவின் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அங்கே அவள் குடியிருக்கும் தெருவுக்கும் இனி அவள் குரலில் காது குளிரும்.