நல்லரத்தினத்தின் நீலச் சேட்டு

என் மனைவி கேதீஸ்வரி பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றாள். வீட்டு அலுமாரிகளுக்கு அன்றோடு ஓய்வில்லாமல் போனது. சிறுநீரக நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக ஒரு வான் வேண்டுமென்று, மட்டக்களப்பு அரசடியில் ஓர் அறையை எடுத்துப் பழைய உடுப்புக் கடை திறந்தாள். ஊரார் கொடுப்பதை ஊராருக்கே விற்று, வருவதை வானுக்குச் சேர்ப்பது என்பது ஏற்பாடு.

"குடுக்க எல்லாரும் வருவாங்க. வாங்க ஆர் வாற?" என்று கேட்டேன்.

"உங்கட வாயில நல்ல சொல்லே வராதா?" என்றாள்.

நான் சொன்னதுதான் நடந்தது. முதல் வாரம் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தது. மூக்குத் துடைக்கிற லேஞ்சி ஒன்று கூட விற்கவில்லை. எங்கள் ஊரில் ஒரு பொருளைக் கண்டால் முதலில் விலையைக் கேட்க மாட்டார்கள், "இது ஆர்ர?" என்றுதான் கேட்பார்கள். கேதீஸ்வரிக்கோ பொய் சொல்ல வராது. இன்னாருடையது என்பாள். வந்தவர் எடுத்ததை மெதுவாக வைத்துவிட்டுப் போவார்.

பிறகு அதே கேள்விதான் கடையைக் காப்பாற்றியது. மகனின் நேர்முகப் பரீட்சைக்குச் சேட்டுத் தேடி ஒரு தாய் வந்தாள். வழக்கம்போல் கேட்டாள்.

"நிலோஜன்ட. இதப் போட்டுக்கிட்டுத்தான் இன்டர்வியூக்குப் போனவன். முதல் தரமே அரசாங்க வேலை கிடைச்சிட்டு," என்றாள் கேதீஸ்வரி.

அந்தத் தாய் மறுபேச்சில்லாமல் சேட்டைப் பையில் வைத்தாள். மறுநாள் நிலோஜனின் களிசான் போனது. அதற்கடுத்த நாள் அவனுடைய பெல்ட். அந்தப் பையன் இன்னும் ஏதாவது தருவானா என்று ஆட்கள் விசாரித்து வந்தார்கள். சுகப்பிரசவம் கண்டவளின் சேலை, கனடா விசா கிடைத்தவனின் சப்பாத்து என்று வியாபாரம் சூடு பிடித்தது.

போகாமல் கிடந்தது ஒன்றே ஒன்றுதான், என் நீலக்கோடு போட்ட சேட்டு. பெண் பார்க்கப் போன அன்று நான் போட்டது. என்னைக் கேளாமல் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருந்தாள். இப்போது என் வயிறு அதற்குள் அடங்காது என்பது உண்மைதான், அதற்காக ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

வந்தவர்கள் அதைத் தொடுவார்கள். "நம்மட நல்லரத்தினம் ஐயாடயா" என்று தள்ளிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அவர்களிலும் பிழையில்லை. இருபத்தெட்டு வருடம் கந்தோரில் ஒரே மேசையில் இருந்தேன். பதவி உயர்வு என்னைத் தாண்டித் தாண்டிப் பக்கத்து மேசைக்கே போனது. எந்தத் தாய் தன் மகனுக்கு அந்த ராசியை வாங்குவாள்? வெளியே சிரித்தாலும் எனக்கு உள்ளே எரிந்தது. இவன் உருப்படாதவன் என்று ஊர் தினமும் என்னைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது.

சேட்டை எடுத்து ஒளித்துவிடுவது என்று ஒரு பகல் கடைக்குப் போனேன். கேதீஸ்வரி முன்பக்கம் எதையோ மடித்துக்கொண்டிருந்தாள். பின்கதவால் நுழைந்து, தொங்கும் சேலைகளுக்குப் பின்னால் நின்று கையை நீட்டப் போகையில், காத்தான்குடி ரிப்கா உள்ளே வந்தாள். அவளும் நேரே என் சேட்டைத்தான் பிடித்தாள்.

"இது ஆர்ர டீச்சர்?"

"எங்கட இவர்ர."

ரிப்காவின் பிடி தளர்ந்தது. "அவருக்கு என்ன டீச்சர் ராசி?"

கேதீஸ்வரி மடித்ததை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"ராசி எண்டு ஒண்டும் இல்ல புள்ள. கோவம் மட்டும் நல்லா வரும். ஆனா இதப் போட்டுக்கிட்டு எங்கட ஊட்ட வந்த மனிசன், முப்பத்தொரு வருசமா ஒரு நாளும் கோவிச்சுக்கிட்டுத் தாய்ட ஊட்ட போனதில்ல. என்ன சண்டை வந்தாலும் வேலிக் கடப்படி வரைக்குந்தான் போவார், வாசலத் தாண்டி ரோட்டுக்கு இறங்க மாட்டார். அதில கொஞ்ச நேரம் நிப்பார். மறுகா உள்ள வந்து, தேத்தண்ணி இரிக்கா எண்டு கேப்பார்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தான் குடியிருப்பான். கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போவதும் அவன்தான்.

"எங்கட அவர் மாசத்துல ரெண்டு தரம் போறார் டீச்சர்," என்றாள் ரிப்கா. "போன கிழமை உம்மாட ஊட்ட போனவர் இன்னும் வரல்ல."

சேட்டை நாலாக மடித்துத் தன் பையில் வைத்தாள்.

சேலைகளுக்குப் பின்னால் நின்று நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடப்படியில் நிற்கும்போது என்னை எவரும் பார்ப்பதில்லை என்றுதான் முப்பத்தொரு வருடமும் நினைத்திருந்தேன்.