கை பார்க்கிற திங்கட்கிழமை

திங்கட்கிழமை விடிந்ததும் அம்மை என் இரண்டு கைகளிலும் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, "மடக்கு, விரி" என்று ஏவிக்கொண்டிருந்தாள். மிஷன் லேஸ் பள்ளியில் அன்று கை பார்ப்பார்கள். காலையில் லேஸ் பின்னினால் மத்தியானம் படிப்பு, நடுவில் ஒரு நேரக் கஞ்சி. சொரசொரத்த விரலுக்கு வெள்ளை நூல் கிடையாது, ஆகவே படிப்பும் கிடையாது. எனக்கு வயது பத்து. படிக்க வேண்டும் என்று வெறியாக இருந்தது.

அம்மை ஞானபாய் எட்டு வயதில் அதே பள்ளியில் சேர்ந்தவள். கை கெட்டுவிடும் என்று அவளை யாரும் அம்மி தொட விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாதான் கிணற்றில் தண்ணீர் கோரினார். இருபது வருஷத்தில் கண் மங்கிப்போனது. ஒரு வேதப்புத்தகம் கொடுத்து, ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார்கள். அதை வாசிக்கவும் கண் வேண்டுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா மலைக்காய்ச்சலில் போன பிறகு, தொண்டு என்கிற தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்க அம்மை ஆற்றங்கரைக்குப் போனாள். முதல் நாளே உள்ளங்கை பொத்து, காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஆறு நாள் நான் போய் அடித்தேன். கஞ்சி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை.

பள்ளியில் மேற்பார்வைக்காரி லீலாபாய் என் விரல்மேல் நூலை இழுத்தாள். மூன்றாவது விரலில் சிக்கியது.

"தொண்டு அடிச்சியா மக்கா?"

நான் கூட வந்திருந்த அம்மையைப் பார்த்தேன். லீலாபாய் ஒருகாலத்தில் அவளோடு ஒரே பாயில் இருந்து பின்னினவள்; மேற்பார்வைக்கு வந்தபின் அம்மை அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அன்று அம்மை தன் கைகளை லீலாபாயின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏட்டி லீலா, இதப் பாரு. நம்ம பள்ளி வளத்த கையாக்கும். இத வச்சி பிள்ளைக்கு ஒரு நேரக் கஞ்சி ஊத்த முடியல்ல. அவ கைய இப்பிடி ஆக்குனது இந்தக் கைதான்."

லீலாபாய் நூலைச் சுற்றி வைத்தாள்.

"ஒரு மாசம் கழிச்சிக் கூட்டிட்டு வா. இடம் வச்சிருக்கேன். அதுவரை பிள்ள ஒரு வேலையும் செய்யப்பிடாது."

மறுநாள் அம்மை பழந்துணியைக் கிழித்து உள்ளங்கைகளில் சுற்றிக்கொண்டாள். "அனங்காம இரி, கைய அசைக்காத" என்று சொல்லிவிட்டு ஆற்றங்கரைக்குப் போனாள். எண்ணெய் தடவிய கைகளை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆற்றங்கரையிலிருந்து தொண்டு அடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. வெகுநேரம் கழித்து இன்னொன்று.