பதுளைக்குப் போன வண்டி

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில், பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையை அகலப்படுத்தி வண்டிச் சாலையாக்கியபோது கருப்பம்மா மூன்று வருஷம் அதில் கல் உடைத்தாள். அவள் புருஷன் முருகையா பாறையில் குழி போட்டு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தான். தேயிலைப் பெட்டிகளைத் தலைச்சுமையாக இறக்கினால் கட்டுப்படியாகாது என்று தோட்டத் துரைமார் சர்க்காருக்கு எழுதி எழுதி வாங்கிய சாலை. ஓடைக்கு ஒரு வளைவாக மலையைச் சுற்றி ஏறியது. லுணுகலை தாண்டி மட்டக்களப்புக் கடல் வரைக்கும் போகும் என்றார்கள். வேலை சுணங்கும்போதெல்லாம் ஓவர்சியர், இனிமேல் சீக்காளியைச் சாக்கில் கட்டித் தூக்க வேண்டாம், அரை நாளில் பதுளை ஆஸ்பத்திரி என்பார். கருப்பம்மா அதை நம்பினாள். அவளுடைய தாய் சாக்குத் தொட்டிலில் போகும் வழியிலேயே செத்தவள்.

சாலை முடிந்ததும் இருவரும் அதன் மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். மறு வருஷ மழையில் முருகையாவுக்கு ரத்தக் கழிச்சல் கண்டது. ஐந்தாம் நாள் அவனால் உட்கார முடியவில்லை. கருப்பம்மா கணக்கப்பிள்ளை தம்பையாவிடம் போய்த் துண்டு கேட்டாள். துரை கையெழுத்திட்ட அந்தச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் ஓடிப்போனதாக வழக்கு.

“துரை பண்டாரவளைக்குப் போயிருக்காரு. வெள்ளிக்கெழமைதான் வருவாரு” என்றார் தம்பையா.

“அதுவரைக்கும் உசுரு இருக்குமாங்க?”

அவர் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிடப் போய்விட்டார்.

அன்று செவ்வாய். தேயிலை ஏற்றிக்கொண்டு, எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் மர்ஸூக்கின் மாட்டுவண்டி இறங்கும் நாள். கருப்பம்மா புருஷனை முதுகில் சுமந்துகொண்டு மலைச்சரிவில் இறங்கி, சாலையோரம் நின்றாள். மர்ஸூக் வண்டியை நிறுத்தித் துண்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கு நானா என்று பொய் சொன்னாள். அவர் காட்டச் சொல்லவில்லை. இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இடம் செய்தார். தன் தேத்தண்ணியையும் கொடுத்தார். ஒவ்வொரு வளைவிலும் முருகையா கண்ணைத் திறந்து, இது எந்த இடம் என்று கேட்டான். அவன் வெடி வைத்த பாறைகளை வைத்து அவள் இடம் சொன்னாள்.

சுங்கச் சாவடியில் போலீஸ்காரர் வண்டிக் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்துத் துண்டு கேட்டார். கருப்பம்மாவிடம் காட்ட ஒன்றுமில்லை. ஓடிப்போகிறவர்களை ஏற்றினால் வண்டி லைசென்ஸ் போய்விடும். மர்ஸூக் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்:

“இவங்க யாருண்டு எனக்குத் தெரியாது ஐயா. வளைவுல பின்னால ஏறியிருப்பாங்க.”

கருப்பம்மா மறுக்கவில்லை. முருகையாவால் நடக்க முடியாததால் சாவடித் தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். அவளை மட்டும் பதுளை போலீசுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி அங்கிருந்து மூன்று மைல். பதுளைக்குள் நுழைந்தபோது ஆஸ்பத்திரி வாசலைக் கடந்துதான் போனாள்.

மறுநாள் கோர்ட்டில், துண்டில்லாமல் போவது குற்றம் என்று தெரியுமா என்று கேட்டார்கள்.

“அந்த ரோட்ட வெட்டினது நாங்கதாங்க. அதுல நாங்க போகக் கூடாதுன்னு யாரும் சொல்லல” என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஒரே வரியில் முடித்தார்: குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள்.

பதினான்கு நாள் சிறை. முருகையா அந்தக் கோர்ட் நாள் மத்தியானமே சாவடியில் செத்துப்போனான் என்பது வெளியே வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சாலை ஆட்கள் புதைத்திருந்தார்கள். எந்த இடம் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள்.

தோட்டத்தில் மறுபடியும் அவள் பேரைப் பதிந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் சாலையோரச் சரிவில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது மர்ஸூக் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

“அன்டைக்கு நான் பயந்திட்டேன் தங்கச்சி. லைசென்ஸப் புடுங்கினா என் வீடு பட்டினி.”

கருப்பம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“பயந்தது தப்பில்ல நானா. நானும் பொய் சொல்லித்தானே ஏறினேன். இன்னும் மூணு மைலு தள்ளிப் பயந்திருக்கலாம்.”

மர்ஸூக் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த வண்டிக்காரன் வழி விடச் சொல்லிக் குரல் கொடுத்தான். அவர் போய் மாடுகளை ஓட்டினார். அவள் அடுத்த வரிசைப் புல்லுக்கு ஏறினாள்.