பதினோரு மீன்களும் மாதா எண்ணெயும்

நான் சொல்லப்போவது உண்மை என்று ஆரம்பித்தால் விழுப்புரத்தில் ஒருவரும் மேலே படிக்க மாட்டார்கள். அதனால் அப்படி ஆரம்பிக்கவில்லை.

என் பெயர் தொம்மை. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிளியனூர் ஏரியில் ஒரு விரால் என் இடது செருப்பை விழுங்கியது. மூன்று மாதம் கழித்து அதே கரையில் உட்கார்ந்திருந்தபோது அது தலையை நீட்டி என் வலது செருப்பைப் பார்த்தது. இதைச் சிரிக்காமல் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நம்பாதவர்களுக்கு வெறுங்காலைக் காட்டுவேன். என் மனைவி அந்தோணிமேரி மட்டும் எதையும் நம்ப மாட்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருஷம்.

மீன்தொட்டி ஆசை அவளுடையது. போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் காத்திருந்தபோது அங்கே ஒரு தொட்டி இருந்தது. நம்பர் கூப்பிட்ட பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் இல்லாத வீடு எங்களுடையது. முட்டிவலி வந்ததிலிருந்து அவள் வெளியே போவதும் குறைந்துவிட்டது. சரி, வாங்கலாம் என்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கும் சித்தார்த்தன் நல்ல மனிதர். மேரி ஒவ்வொரு மீனையும் சம்பந்தம் பேசப் போனவள் போல விசாரித்தாள்.

"இது சாதுவான மீனாப்பா?"

"அது ஃபைட்டரும்மா. கூட இருக்கறத கடிக்கும்."

"வேணாம். எங்க வீட்டுக்கு ஆவாது. அந்தக் கறுப்பு?"

"மோலி. யார் வம்புக்கும் போவாது. கூட கப்பி போட்டுக்கலாம். கோல்டு ஃபிஷ் கேக்காதீங்க, ரெண்டடித் தொட்டி அதுக்குப் பத்தாது."

மோலி ஐந்து, கப்பி ஏழு என்று அவர் கணக்குச் சொன்னார். மேரி ஒரு கப்பியைக் குறைத்தாள். "பன்னெண்டு வேணாம்பா. பன்னெண்டுன்னா ஒண்ணு யூதாசா போயிடும்."

ஆனால் அன்றைக்கு மீன் தரவில்லை. தொட்டி, மணல், தண்ணீருக்குக் காற்று ஊதும் மோட்டார் மட்டும் கொடுத்து அனுப்பினார். தண்ணீர் பழகும்வரை மூன்று வாரம் மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். தினமும் இரண்டு பொரி தீனி வேறு, இல்லாத மீனுக்கு. நாங்கள் போட்டோம். காலித் தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்த தம்பதி ஜில்லாவிலேயே நாங்கள்தான். மீன் வந்த அன்று சித்தார்த்தன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ராவோ பகலோ, மோட்டார மட்டும் அணைக்காதீங்க."

மீன் வந்த மறுவாரம் சனிக்கிழமை, மேரியின் தங்கை ஜெசிந்தா திண்டிவனத்திலிருந்து வந்தாள். அவள் மகள் பிரின்சிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மறுநாள் பங்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசிக்கப் போகிறார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, யாரும் தடை சொல்லவில்லையென்றால் கல்யாணம். பிரின்சிக்கு ஞானத்தாய் மேரிதான். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தியவள். தாலி மந்திரிக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவளும் அவள்தான்.

ஜெசிந்தா தொட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள். "எம்மா அழகு அக்கா. எங்கண்ணே பட்டுடும்போல."

திங்கட்கிழமை மதியம் மேரி எங்கள் தெருக் கிறிஸ்தவர்களின் அன்பியக் கூட்டத்துக்கு ஜெபமாலை சொல்லப் போனாள். நான் படுத்தேன். மோட்டார் கொரகொரவென்று ஒரே பேஜாராக இருந்தது. அரைமணி நேரம் அணைத்தால் என்ன என்று நினைத்தேன்.

எழுந்தபோது மணி நாலு. பதினோரு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. முப்பது வருஷத்துக்கு மேல் தண்டவாளத்தில் கைதவறாமல் வேலை பார்த்தவனுக்கு, அணைத்த சுவிட்ச் நினைவுக்கு வரவில்லை. மீனுக்கு ஏதோ நோய் என்று பட்டது. எங்கள் வீட்டில் நோய் என்றால் ஒரே மருந்துதான். மாதா கோயில் திருநாளில் வாங்கிவந்த மந்திரித்த எண்ணெய். வீட்டு ஜெபப் பீடத்திலிருந்து எடுத்துப் பாதி பாட்டிலைத் தொட்டியில் ஊற்றினேன். மண்டியிட்டு மூன்று அருள்நிறைந்த மரியே சொன்னேன். மூன்றாவதில் பாதி வரும்போதுதான் சுவிட்ச் கண்ணில் பட்டது. ஓடிப்போய்ப் போட்டேன்.

அதற்குள் தண்ணீர்மேல் எண்ணெய் ஆடையாகப் படர்ந்து மூடிவிட்டது. செய்தித்தாளைப் பரப்பிப் பரப்பி எடுத்துப் பார்த்தேன். பலனில்லை. ஒவ்வொன்றாகக் குப்புறக் கவிழ்ந்தன. மோலிகள்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தன. அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்போதாவது ஒழுங்காக இருந்திருக்கலாம். நான் எண்ணெய்த் தாளையெல்லாம் அடுப்பங்கரைக் குப்பைக்குள் அமுக்கினேன். பாதியான பாட்டிலில் நல்லெண்ணெயை ஊற்றி நிரப்பிப் பீடத்தில் வைத்தேன்.

மேரி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். "இன்னாங்க ஆச்சு?"

"சனிக்கெழமை உன் தங்கச்சி இன்னா சொன்னா, ஞாபகம் கீதா?"

இவ்வளவுதான் சொன்னேன். ஏரி, செருப்பு, எதுவும் சேர்க்கவில்லை. நாற்பத்திரண்டு வருஷத்தில் என்னை நம்பாதவள் அன்றைக்கு ஒரே வாக்கியத்தில் நம்பிவிட்டாள்.

மீன்களை ஒரு பழைய துண்டில் சுற்றிக் கொல்லையில் புதைத்தாள். ஜெசிந்தாவின் போனை எடுப்பதை நிறுத்தினாள். இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு என்னிடம் சொன்னாள், "நான் கல்யாணத்துக்கு வரலீங்க. அவ கண்ணு முன்னால நிக்க எனக்குத் தெம்பு இல்ல." சொல்லிவிட்டு பாட்டிலை எடுத்து முட்டியில் தேய்த்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊரில் யாருக்கும் நான் கதை சொல்லவில்லை. உடம்பு சரியில்லையா என்று டீக்கடையில் கேட்டார்கள்.

ஜெசிந்தா எனக்குப் போன் போட்டாள். "மாமா, அக்கா போனையே எடுக்க மாட்டேங்குது. நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"சிக்னல் இல்லம்மா" என்றேன். எங்கள் வீட்டு மொட்டைமாடியை ஒட்டித்தான் டவர் நிற்கிறது.

மூன்றாவது ஓலைக்கு இரண்டு நாள் முன்னால் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். ஜெசிந்தா வீட்டில் பிரின்சியின் கல்யாணப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். நான் மோட்டாரிலிருந்து நல்லெண்ணெய்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊசியைப் புடவையில் குத்தி வைத்தாள்.

"அப்ப இத்தினி நாளா எங்கக்கா என்னைக் கண்ணு போட்டவன்னு நெனச்சிக்கினு கீதா?"

"ஆமாம்மா."

"நீங்க நல்லா இருப்பீங்களா மாமா?" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "வாங்க. அக்கா முன்னால இதையே சொல்லுங்க. ஒரு வார்த்த மாத்தாதீங்க."

விழுப்புரம்வரை பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. என் பக்கத்து ஜன்னல் சீட்டு காலியாக இருந்தும் எனக்கு முன் சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

தங்கையைப் பார்த்ததும் மேரி உள்ளே போகத் திரும்பினாள். நான் வழியை மறித்து நின்று ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். மேரி கேட்டு முடித்தாள். முதலில் பீடத்தைப் பார்த்தாள்.

"மாதா எண்ணெய் மீனக் கொல்லுமா?"

"எண்ணெய் மேல இல்ல தப்பு. நான் மோட்டார அணைச்சிட்டேன்."

"பாட்டில் முழுசா கீதே."

"பாதி நல்லெண்ணெய். நான்தான் ஊத்தினேன்."

"பத்து நாளா தேய்க்கிறேன். முட்டிவலி விட்டுப்போச்சு. நல்லெண்ணெய்ல விடுமா?"

நான் சத்தியம் செய்கிறேன் என்று கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தங்கையிடம் திரும்பினாள்.

"பாத்தியாடி. நம்ம ரெண்டு பேரையும் சேத்து வைக்கணும்னு மாதா எண்ணெய்மேல பொய் சொல்றாரு. பாவம்னு தெரிஞ்சும் சொல்றாரு. எனக்காவ."

"மேரி, இது நிஜம்."

"சும்மா இருங்க. இத்தினி வருசத்துல நீங்க சொன்ன பொய்யில இதான் நல்ல பொய்." பிறகு தங்கை தோளில் கைவைத்தாள். "கண்ணு படறது வேணும்னா படுது? நீ இன்னா பண்ணுவ. நான்தான் மனசுல வச்சிக்கினேன்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் இன்னொரு தடவை வாயைத் திறந்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"ஆமாக்கா. எங்கண்ணுதான். மன்னிச்சிக்க. கல்யாணத்துக்கு வந்துடு."

மேரி வந்தாள். தாலி மந்திரிக்கும்போது பிரின்சியின் பக்கத்தில் நின்றாள். பந்தியில் எனக்குத் தனி மரியாதை. மேரி தன் சொந்தங்களிடமெல்லாம் என் பெருந்தன்மையைச் சொல்லி வைத்திருந்தாள். நான் எதைச் சொன்னாலும் இன்னும் பெரிய மனிதனாகிக்கொண்டே போனேன். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுபடி தண்ணீர் பழக்கி, சித்தார்த்தனிடம் மறுபடி மீன் வாங்கினோம். ஜெசிந்தா மாதம் ஒருமுறை வருகிறாள். வந்ததும் நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்காருகிறாள். மேரிக்கு அதில் பெரிய நிம்மதி. காப்பி போட உள்ளே போகிறாள்.

"எத்தினி மீனு கீது மாமா இப்ப?" என்று திரும்பாமல் கேட்பாள் ஜெசிந்தா.

எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.