மூன்று பிள்ளைகளோடு ஏடனுக்கு

முற்றத்துப் பாயில் காய்ந்துகொண்டிருந்த ஏத்தன் வாழைக்காய்த் துண்டுகளில் ஒன்றை எடுத்து ஹாஜரா ஒடித்துப் பார்த்தாள். சட்டென்று ஒடிந்தது. இனி இடித்துச் சலிக்கலாம் என்றாள். கப்பல் சாப்பாடு பெரியவர்களுக்கே ஒத்துக்கொள்ளாது, ஆறு மாதப் பிள்ளைகளுக்கு இந்த மாவைக் காய்ச்சிக் கொடுத்தால் வயிறு கெடாது என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஷரீஃபா வராந்தாவில் ட்ரங்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பழைய வேட்டிகளை நாலாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பிள்ளைகள் உள்ளே தொட்டிலில் தூங்கின. மூத்தவன் மஜீத், மூன்று வயதாகிறவன், ஹாஜராவின் கழுத்தைப் பிடித்து முதுகில் தொங்கிக்கொண்டிருந்தான்.

கேரளம் என்று புதுப் பெயர் வந்து இரண்டாம் வருஷம் அது. ஷரீஃபாவின் புருஷன் சலாவுதீன் ஏடன் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தான். போன வருஷம் லீவில் வந்துபோனவன், இப்போது அங்கே வீடு கிடைத்துவிட்டது, இரட்டையரைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தான். மஜீத் லாத்தாவிடமே இருக்கட்டும் என்றும் எழுதியிருந்தான். லாத்தா என்று அவன் சொன்னது அக்கா ஹாஜராவை. பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் திருப்பி அனுப்பிய பிறகு, மட்டாஞ்சேரியில் இந்தத் தம்பி வீட்டை அவள்தான் ஆண்டுவந்தாள்.

மஜீத் பிறந்த கையோடு ஷரீஃபாவுக்கு டைபாய்டு வந்தது. சுள்ளிக்கல்லில் உம்மா வீட்டில் கிடந்து, முடியெல்லாம் கொட்டி, எலும்பும் தோலுமாக அவள் திரும்பி வந்தபோது பிள்ளை அவளைக் கண்டு அலறியது. ஹாஜரா ஆட்டுப்பால் கொடுத்து அதைத் தேற்றியிருந்தாள். அதற்கு ஷரீஃபா நன்றி சொல்லத் தயாராகத்தான் வந்தாள். ஆனால் ஹாஜரா பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் உடம்பு தேறட்டும் என்றாள், பிறகு மழை போகட்டும் என்றாள், பிறகு எதுவும் சொல்வதையே விட்டுவிட்டாள். பிள்ளை பேசத் தொடங்கியபோது ஹாஜராவை உம்மா என்றது; பெற்றவளை ஷரீ என்றது. அவன் எப்போதாவது ஷரீஃபாவின் மடிப்பக்கம் வந்தால் ஹாஜரா கல்கண்டை எடுத்துக் காட்டுவாள். அவன் ஓடிவிடுவான். பெற்றுப் போட்டால் போதுமா என்று அவள் கிணற்றடியில் மற்ற பெண்களிடம் சொன்னது ஷரீஃபாவின் காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் ஹாஜரா சொன்னாள்.

ஏடனிலிருந்து கடிதம் வந்த அன்றும் ஷரீஃபா சரி என்று தலையை ஆட்டினாள். அடுத்த வாரமே உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லி மூன்று பிள்ளைகளையும் சுள்ளிக்கல்லுக்குக் கூட்டிப்போனாள். அங்கே அவள் அண்ணன் சிகாபுதீன் காக்கா ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய் போட்டோ எடுக்க வைத்தார். பாஸ்போர்ட்டில் மூன்று பெயரையும் சேர்க்க ஏற்பாடு செய்தார். கப்பலுக்கு வேண்டிய அம்மைக்குத்து மூவருக்கும் போடப்பட்டது. அங்கே தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் குத்தினார்கள் என்று திரும்பி வந்து ஹாஜராவிடம் சொன்னாள். மஜீதின் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தபோது ஹாஜராதான் இரவெல்லாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயில் படுத்தபடி ஷரீஃபா அதைப் பார்த்தாள். விசிறு, நன்றாக விசிறு என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு இனித்தது.

இப்போது பெட்டிக்குள் கிழித்த துணிகளுக்கு அடியில் மஜீதின் சட்டைகள் கிடந்தன. மேலே ஓமத்தண்ணீர் பாட்டில், வசம்பு, பாலாடை, தொட்டிலுக்கு ஒரு சேலை, கொக்கி. ஹாஜரா ஒவ்வொன்றையும் தானே பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தாள். அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சந்தோஷம். இவள் போய்விட்டால் வீட்டில் தானும் பிள்ளையும்தான். ஷரீஃபா அவளை அந்தச் சந்தோஷத்தில் ஊறவிட்டாள். கப்பலுக்குப் போக வள்ளம் ஏறும்போது, படித்துறையில் எல்லோரும் பார்க்க, பிள்ளையை ஹாஜராவின் கையிலிருந்து வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். அந்த முகத்தை அவள் பலமுறை மனசுக்குள் பார்த்துவிட்டாள்.

ஆனால் அதுவரை பொறுக்க முடியவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வழியனுப்ப வந்தார்கள். சாயா குடித்து முடித்ததும் ஹாஜரா மஜீதை நடுவில் நிறுத்தி, சொல்லிக்கொடுத்ததைச் சொல்லச் சொன்னாள். அவன் கையை ஆட்டிக்கொண்டு, “ஷரீ, போய்ட்டு வா,” என்றான். பெண்கள் சிரித்தார்கள். சரியாகச் சொன்னேனா என்று அவன் ஹாஜராவைத் திரும்பிப் பார்த்தான். ஷரீஃபாவும் சிரித்தாள்.

அவர்கள் போனதும் ஒரு பழைய ஜமக்காளத் துண்டை எடுத்துவந்து தையல் மிஷின் மேல் வைத்தாள்.

“மதினி, இதுல இடுப்புக்கு ஒரு வார் தெச்சுத் தாங்க. கம்பியில கட்டற மாதிரி நீளமா வேணும். டெக்குல பிள்ளைங்க ஓடிருமாம்.”

ஹாஜரா துணியைப் பிரித்துப் பார்த்தாள். “ரெண்டும் இன்னும் தவழவே இல்லியே. ஆருக்கு இது?”

“மஜீதுக்கு.”

மிஷினில் வைத்த கால் அப்படியே நின்றது. ஹாஜரா முதலில் ஷரீஃபாவைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கையில், ஆறிவரும் தழும்பைப் பார்த்தாள். இதுக்குத்தான் குத்தினியா என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றாள் ஷரீஃபா. தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டாள். இறங்கும்போது தெரிந்துகொள்வார் என்றாள் ஷரீஃபா. அழுகைக்கு ஒரு பதில், சாபத்துக்கு ஒரு பதில், காலில் விழுந்தால் அதற்கும் ஒரு பதில் அவளிடம் இருந்தது. எதற்கும் வேலை வரவில்லை. ஹாஜரா பிள்ளையைக் கூப்பிட்டு டேப்பை அவன் இடுப்பில் சுற்றினாள். அவன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான். அவள் துணியை வெட்டினாள், மடித்தாள், தைத்தாள். தைத்த இடத்திலேயே இன்னொரு தையல் போட்டு, காலில் மாட்டி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

வாரைக் கொடுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“அவன் எப்படி ஒறங்குவான்னு கேக்கலியே நீ.”

“பெத்தவளுக்குத் தெரியும்,” என்றாள் ஷரீஃபா.

ஹாஜரா தலையை ஆட்டிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். அன்று வெகுநேரம் உலக்கைச் சத்தம் கேட்டது.

காலையில் அவள்தான் மஜீதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, இட்லி ஊட்டினாள். அவனையும் மாவு டின் கட்டிய ஒரு துணி மூட்டையையும் வாசலில் சிகாபுதீனிடம் கொடுத்தாள். படித்துறைக்கு வரவில்லை. வாருங்கள் என்று ஷரீஃபாவே இரண்டு தரம் கூப்பிட்டாள். கதவு சாத்திக்கொண்டது. வள்ளத்தில் உட்கார்ந்ததும் ஷரீஃபாவின் கண் படித்துறையை விட்டு நகரவில்லை. கடைசி நிமிஷத்தில் ஓடிவருவாள் என்று நினைத்தாள். சுமட்டுக்காரர்கள் மட்டும் மிளகு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எந்த முகத்தைப் பார்க்க இவ்வளவு நாள் காத்திருந்தாளோ, அந்த முகத்தை ஹாஜரா காட்டாமலே இருந்துவிட்டாள். ஏமாற்றிவிட்டாள் என்றுதான் ஷரீஃபாவுக்குப் பட்டது. வள்ளம் தள்ளியபோது மஜீதுக்கு விஷயம் புரிந்தது; உம்மா என்று அலறத் தொடங்கினான்.

அழுகையை அவன் கப்பலிலும் நிறுத்தவில்லை. பால் குடிக்கவில்லை. மடியில் போட்டு ஆட்டினால் உடம்பை வில்லாக வளைத்தான். ஷரீஃபா முதுகில் தட்டினாள், தோளில் போட்டு நடந்தாள், தெரிந்த தாலாட்டையெல்லாம் பாடினாள். கண் அசரும், உடனே திடுக்கிட்டு விழித்து உம்மாவைத் தேடுவான். அதே அறையில் இருந்த திருப்பூணித்துறைக்காரி கமலாக்ஷி இரட்டையரைப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் அவனுக்குத் தொண்டை கட்டி, அழுகை வெறும் காற்றாக வந்தது. இந்தக் குட்டி உறங்காமல் எப்படித் தாங்கும், இதுவரை எப்படி உறங்கினான் என்று கமலாக்ஷி கேட்டாள்.

காற்று படட்டும் என்று ஷரீஃபா அவனை டெக்குக்குத் தூக்கிவந்து, கம்பியில் வாரைக் கட்டி உட்காரவைத்தாள். மாவு கரைத்துக் கொடுக்கலாம் என்று மூட்டையைப் பிரித்தாள். டின்னைச் சுற்றியிருந்தது ஹாஜராவின் தட்டம். தலையில் போட்டுப் போட்டு நைந்த வெள்ளைத் துணி. துவைக்காமல் வைத்திருந்தாள். தேங்காயெண்ணெயும் புகையிலையும் அடுப்புப் புகையும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. அந்த வாசத்தோடுதான் அவன் தூங்கியிருக்கிறான். ஷரீஃபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரக்கத்தில் வைத்தாளா, கடல் நடுவிலும் நான்தான் என்று காட்ட வைத்தாளா?

துணியைச் சுருட்டிக்கொண்டு கம்பி ஓரமாகப் போய்க் கையை வெளியே நீட்டினாள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. விரலைத் தளர்த்தினால் போதும். பின்னால் அந்த வெறும் காற்று அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.

கையை உள்ளே இழுத்தாள். தட்டத்தை உதறித் தன் தலையில் போட்டு, காதோரம் இறுக்கிக்கொண்டு வந்து பிள்ளையின் முன் குனிந்தாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தானே எழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, துணியில் மூக்கைப் புதைத்தான். அவன் மூச்சு சீராக ஆரம்பித்தது. தோளில் கனம் கூடியது. கீழே அறையில் இரட்டையர் ஒன்றை அடுத்து ஒன்றாக அழத் தொடங்கினார்கள். வெயில் இறங்கிய டெக்கில், அந்த வெள்ளைத் தட்டம் முகத்தில் படபடக்க, அவள் அசையாமல் நின்றாள்.